ட்ரம்பெட் ஏன் தூரத்தில் கேட்கிறது?

அன்புள்ள ஐயா,

1930-களில் ஹென்றி ஹால் நடத்திய பிபிசி நடன இசைக்குழுவின் பழைய தட்டுகளைக் கேட்டேன். சாக்ஸபோன் முன்னால் இருக்கிறது. ட்ரம்பெட் பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் கேட்கிறது. ட்ரெபிளை, அதாவது மேல் சுர ஒலியை, கூட்டியும் பயனில்லை. பிற்காலத்து டெட் ஹீத் இசைக்குழுவுக்கு முன்னால் இது சோப்ளாங்கி. நன்றாகச் சுத்தம் செய்த தொகுப்பு எது? இசைத்தட்டுகள் இருக்கும்போது பிபிசி எதற்கு இத்தனை குழுக்களுக்குச் சம்பளம் கொடுத்தது? எல்லாமே அமெரிக்க நகல்தானே?

எம்.

அன்புள்ள எம்.,

‘பக்கத்து அறை’ என்று எழுதினீர்களே, அதற்காகவே இந்தப் பதில். கொஞ்ச நாளாக நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நகல் பேச்சு தேய்ந்த பேச்சு, விடுங்கள்.

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. தட்டிலும் பிழையில்லை. ட்ரம்பெட்காரர்களைத் தள்ளித்தான் உட்காரவைத்தார்கள். 1932-இல் வாசிக்க வாசிக்க மெழுகுத் தட்டில் நேரே வெட்டு விழும். பிறகு சரிசெய்ய வழியே கிடையாது. மைக் ஒன்றோ இரண்டோதான். ஆகவே யார் எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதை நாற்காலி தீர்மானித்தது. பாடகர் மைக்கை ஒட்டி, சாக்ஸபோன் சில அடி தள்ளி, ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் அதற்கும் பின்னால். தூரம் இரட்டித்தால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறையும். சுவரில் பட்டு வரும் ஒலி அந்த அளவுக்குக் குறையாது. அதனால் தூரத்து ட்ரம்பெட்டோடு அறையும் சேர்ந்து பதிவாகிவிடும். நீங்கள் கேட்ட பக்கத்து அறை அந்த ஸ்டூடியோவின் சுவர்தான்.

1934-இல் பிபிசியும் மார்க்கோனியும் கொண்டுவந்த ரிப்பன் மைக்கில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. காந்தத்தின் நடுவே தொங்கும் மெல்லிய அலுமினிய நாடா அது. முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் செவிடு. சத்தம் மிஞ்சுகிறவரைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினால் போதும். மிக அருகில் நேரே நின்று பலமாக ஊதினாலோ நாடா தொய்ந்துவிடலாம்.

டெட் ஹீத்தோடு ஒப்பிட்டீர்களே, அது அநியாயம். அவர் குழு 1940-களின் நடுவில் எழுந்தது. போர்க்கால ஆய்வில் வளர்ந்த, டெக்கா தட்டு நிறுவனத்தின் புதிய பதிவுமுறை அவருக்குக் கிடைத்தது. ஹால், மாலை 5.15-க்குத் தேநீரோடு வானொலி முன் உட்கார்ந்த குடும்பத்துக்கு வாசித்தார். சோப்ளாங்கி என்கிறீர்கள். 1932-இல் அவர் பதிவுசெய்த கரடிப் பொம்மைகளின் பிக்னிக் பாட்டை வைத்துத்தான் பிபிசி பொறியாளர்கள் பல ஆண்டுகள் கருவிகளைச் சோதித்தார்கள். கீழ்ச் சுரமும் மேல் சுரமும் அதில் அத்தனை துல்லியம்.

சம்பளக் கேள்விக்குச் சுருக்கமாக: வணிகத் தட்டுகளை நாளுக்கு எத்தனை மணிநேரம் ஒலிபரப்பலாம் என்று இசைக்கலைஞர் சங்கமும் தட்டு நிறுவனங்களும் வரம்பு வைத்திருந்தன. மிச்ச நேரத்துக்கு ஆள் வாசித்தாக வேண்டும். 1980-இல் ஐந்து குழுக்களைக் கலைக்கப் பிபிசி முனைந்தபோது கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1988-இல் வரம்பு போனது. 1991-இல் பிபிசி ரேடியோ ஆர்கெஸ்ட்ராவும் போனது.

‘சுத்தம் செய்த’ தொகுப்பா? தயவுசெய்து வேண்டாம். கரகரப்பும் ட்ரம்பெட்டின் கூர்மையும் ஒரே அதிர்வெண்களில் கிடக்கின்றன. ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போகும். ட்ரெபிளைக் கூட்டினால் முன்னால் வருவது கரகரப்பு மட்டுமே. ஒற்றைப் பதிவை இரண்டு சேனலாகப் பிரித்துக் காட்டும் செயற்கை ஸ்டீரியோ என்றால் தொடவே தொடாதீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அசல் தட்டே கையில் கிடைத்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு முனையுள்ள ஊசி வேண்டும். பிற்கால எல்பி தட்டுகளுக்கான மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் இறங்கிப் புழுதியைத்தான் வாசிக்கும். இரண்டு சேனலையும் மோனோவாக, அதாவது ஒரே ஒலியாகச் சேருங்கள், கரகரப்பில் ஒரு பகுதி தானே அடங்கும். ட்ரெபிளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, ஒரே ஒரு ஸ்பீக்கரில், பேச்சுக்குரலின் அளவில் வையுங்கள். ட்ரம்பெட் எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.