லண்டன் வீட்டுக்காகக் கொக்குவில் வீட்டை ஈடு வைக்கலாமா?

கேள்வி: மகன் லண்டனில் வீடு வாங்கி நான்கு வருடம். வட்டி கூடியதால் மாதக் கட்டுக்காசு தாங்க முடியாமல் மூன்று மாத நிலுவை விழுந்துவிட்டது. வங்கிக் கடிதம் வந்ததிலிருந்து அவனுக்கு நித்திரை இல்லை. என் சீதன வீட்டை ஈடு வைத்துக் காசு அனுப்பச் சொல்கிறான். இவர் மறுக்கிறார். வட்டிக்குக் கொடுக்கும் ஒருவர், "உறுதியைக் கொண்டு வாருங்கள், ஒரு கிழமையில் காசு" என்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: அம்மா, உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும். இன்று இரவு மகனுக்குக் கோல் எடுத்து ஒன்றைக் கேளுங்கள்: வங்கியோடும் கடன் ஆலோசகரோடும் பேசிவிட்டாயா?

அநேகமாகப் பேசியிருக்க மாட்டான். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் வெட்கத்தில் கடிதத்தை உடைக்காமலே லாச்சிக்குள் போட்டுவிட்டு, ஊருக்குத்தான் முதலில் கோல் எடுக்கிறார்கள். ஆனால் அவன் இருக்கும் நாட்டில் இதற்கென்றே இலவச உதவி இருக்கிறது. அரசு நடத்தும் மணிஹெல்ப்பர் சேவையில் தொடங்கலாம். சிற்றிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச் ஆகிய தொண்டு அமைப்புகளும் காசு வாங்காமல் வரவு செலவைப் பார்த்து, வங்கியிடம் என்ன கேட்கலாம் என்று சொல்லித் தரும். கடனைத் தீர்த்துத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது அழைத்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லுங்கள். (பிள்ளைகள் அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு: அங்கே 'மாப்ஸ்' என்ற அரச நிதியில் இயங்கும் சேவை 1992 முதல் இருக்கிறது.)

மூன்று மாத நிலுவைக்கு நாளையே வீட்டைப் பறிக்க மாட்டார்கள். அங்கே வீட்டைக் கையகப்படுத்துவது வங்கியின் கடைசி வழியாகவே இருக்க வேண்டும், அதற்கும் நீதிமன்றம் போக வேண்டும். 2023 யூனில் அரசோடு செய்த உடன்பாட்டில் சேர்ந்த வங்கிகள், விதிவிலக்கான நிலை தவிர, முதல் தவணை தவறி 12 மாதத்துக்குள் ஒருவரை அவர் சம்மதமின்றி வீட்டை விட்டு வெளியேற்றுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல் 'பிரீதிங் ஸ்பேஸ்' என்ற ஏற்பாடும் உண்டு. ஆலோசகர் வழியாக அதற்கு விண்ணப்பித்துக் கிடைத்தால், 60 நாளுக்குப் பழைய நிலுவையைக் கேட்டு நெருக்க முடியாது. ஆனால் அந்த 60 நாளில் வரும் மாதக் கட்டுக்காசைக் கட்டியே ஆக வேண்டும். இதை மகனுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

இனி உங்கள் வீடு. யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி சீதன வீடு உங்கள் பெயரில் இருந்தாலும், ஈடு வைக்கக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அதனால் அவர் மறுப்பதைக் கல்மனம் என்று எண்ணாதீர்கள். அவர் காப்பது உங்கள் கூரையைத்தான்.

அந்த வட்டிக்காரரை நினைக்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு கிழமையில் காசு தருபவர்கள் பல வேளை ஈட்டு உறுதி எழுதுவதில்லை. "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று சொல்லி அறுதி உறுதி, அதாவது வீட்டை முற்றாக விற்கும் உறுதி, எழுதுவிப்பார்கள், திருப்பித் தருவேன் என்பது வாய்ச்சொல்லாகவே நிற்கும். ஈட்டில் வீடு உங்களுடையது, கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டுத்தான் அதை விற்பிக்கலாம். அறுதியில் கையெழுத்து வைத்த அன்றே வீடு அவருடையது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 15 இலட்சத்துக்கு இப்படிக் கையெழுத்து வைத்தது. தாயார் இன்று அதே ஒழுங்கையில், தன் பழைய வீட்டைப் பார்த்தபடி வாடகைக்கு இருக்கிறார். நொத்தாரிசு எழுதிய உறுதியின் தலைப்பை உங்கள் கண்ணாலேயே வாசியுங்கள். விளங்காவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் காட்டிவிட்டு வாருங்கள். வருமானம் குறைந்தவர்களிடம் அங்கே காசு வாங்குவதில்லை.

உதவாமல் இருக்க மனம் வராது, தெரியும். வங்கியோடு மகன் ஒரு திட்டத்துக்கு வந்த பிறகு, கையிலிருக்கும் சேமிப்பில் முடிந்ததை அனுப்புங்கள். அதுவரை நிலம் வேண்டாம்.

கேள்வி: இங்கே வங்கியில் 40 இலட்சம் வீட்டுக்கடன். நான்கு மாதம் கட்டவில்லை. நீதிமன்றம் போகாமலே ஏலம் போட்டுவிடுவார்களா?
– சுன்னாகம் வாசகர்

பதில்: நீங்கள் சொல்வது பராட்டே முறை, 1990இன் 4ஆம் இலக்கச் சட்டம். அதில் 2011இல் வந்த திருத்தப்படி, வட்டி சேராமல் வாங்கிய கடன் தொகை 50 இலட்சத்துக்குக் குறைவென்றால் அந்தச் சட்டத்தில் வங்கிக்கு வழி இல்லை, வட்டி ஏறி மொத்தம் கூடினாலும் சரி. ஆனால் வழக்குப் போடலாம், அதனால் சும்மா இருக்க வேண்டாம். தவணையை மாற்றித் தரும்படி முகாமையாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள். பதில் சரியில்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935இல் அழையுங்கள். நிதியியல் குறைகேள் அதிகாரியிடமும் இலவசமாக முறையிடலாம், ஆனால் வங்கிக்கு முதலில் எழுதியிருக்க வேண்டும். அந்த முத்திரை குத்திய பிரதி அப்போதுதான் கைகொடுக்கும்.