பீச் மரத்தில் இலையெல்லாம் சிவந்து சுருண்டு கொட்டுகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் போன வருடம் வாங்கிய வீட்டின் கொல்லையில் ஒரு பீச் மரம் இருக்கிறது. ஏப்ரல் பிறந்ததும் புது இலைகள் சிவந்து, தடித்து, கொப்புளம் கொப்புளமாகச் சுருண்டன. இப்போது கொட்டுகின்றன. வேப்பெண்ணெய் அடித்தும் பலனில்லை. வேறு என்ன மருந்து அடிக்கலாம்? பக்கத்தில் இருக்கும் கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் தொற்றுமா? பேசாமல் இதை எடுத்துவிட்டு ஒரு நெக்டரின் கன்று வைத்துவிடலாமா?

பதில்:

இப்போதைக்கு எதுவும் அடிக்காதீர்கள். கடையில் போய்க் கேட்டால் ஏதாவது ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள், அத்தனையும் வீண் செலவு. இந்த நோய்க்கு மருந்து அடிக்கும் காலம் மரத்தில் இலையே இல்லாத மாதங்கள், அதாவது இங்கே கலிஃபோர்னியாப் பக்கம் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மரம் நோய் இல்லாமல் மொட்டையாக நிற்கும்போது யாருக்கும் மருந்து ஞாபகம் வராது, ஏப்ரலில் இலை சுருண்ட பிறகுதான் ஓடுவோம். இந்தப் பூஞ்சை வருடா வருடம் தப்பிப் பிழைப்பதே அதனால்தான்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இது பீச் இலைச் சுருட்டை நோய். டாஃப்ரினா டிஃபார்மன்ஸ் என்ற பூஞ்சையால் வருவது. நான் உங்களுக்குப் பக்கத்தில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன், கொல்லையில் பீச் வைத்திருக்கும் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். ஆனாலும் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அசுவினி மொய்த்தாலும் பீச் இலை சுருளும். சுருண்ட இலையைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சின்னச் சின்னப் பூச்சிகள், பிசுபிசுப்பு, மரத்தில் ஏறி இறங்கும் எறும்பு வரிசை எல்லாம் இருந்தால் அது அசுவினி, அதற்கு வைத்தியம் வேறு. பூஞ்சையாக இருந்தால் இலை தோல் மாதிரி தடித்து, மொடமொடவென்று, சிவப்பும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக மேடு தட்டியிருக்கும். சில நாள் கழித்து அந்த மேட்டின் மேல் வெள்ளையாக மாவு தூவிய மாதிரி ஒரு படலம் வரும், அப்புறம் பழுப்பாகிக் கொட்டிவிடும். இலையில் சின்ன ஊதாப் புள்ளிகள் வந்து அந்த இடம் மட்டும் உதிர்ந்து ஓட்டை ஓட்டையாக இருந்தால் அது ஷாட் ஹோல் என்ற இன்னொரு பூஞ்சை நோய். இலையின் அடிப்பக்கம் துருப்பிடித்த மாதிரி பொடி ஒட்டியிருந்தால் துரு நோய்.

அந்த வெள்ளைப் படலம்தான் விஷயமே. அது பூஞ்சையின் வித்துகள். காற்றிலும் மழைச் சாரலிலும் பறந்துபோய் மரத்தின் பட்டையிலும் மொட்டுச் செதில்களிலும் ஒட்டிக்கொண்டு, கோடை முழுக்க, குளிர்காலம் முழுக்க, கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். பிப்ரவரியில் மொட்டு உப்ப ஆரம்பிக்கும்போது மழை பெய்தால் தண்ணீரோடு வழிந்து மொட்டுக்குள் இறங்கி, இன்னும் விரியாத இளம் இலைக்குள் புகுந்துவிடும். புகுந்த இடத்தில் இலையின் செல்கள் தாறுமாறாகப் பெருகி வீங்கும், அதனால்தான் அந்தக் கொப்புளமும் சுருட்டையும். குளிர் 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்து, மொட்டு அரை நாளுக்கு மேல் ஈரமாகவே இருந்தால் போதும், தொற்றிவிடும். இரண்டு நாள் விடாமல் நனைந்தால் கேட்கவே வேண்டாம். இந்தப் பக்கம் மழையெல்லாம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான், பீச் மொட்டு விடுவதும் அந்த மழையின் நடுவில்தான். அதனால்தான் மழை குறைந்த வருடங்களில் ஒரு மருந்தும் அடிக்காமலே மரம் பளிச்சென்று இருக்கும், போன வருடம் நான் அடித்த மோர்தான் வேலை செய்தது என்று ஒருவர் சத்தியம் செய்வார், அடுத்த வருடம் நல்ல மழை பெய்ததும் மரம் முழுக்கச் சுருண்டு நிற்கும்.

வேப்பெண்ணெய் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் இதுதான் காரணம். நீங்கள் சுருட்டையைக் கண்ணால் பார்க்கும்போது பூஞ்சை ஏற்கெனவே இலைக்குள் இருக்கிறது, வெளியே எதைப் பூசினாலும் அது சேராது. புளித்த மோர், பஞ்சகவ்யம், மஞ்சள் தண்ணீர், சமையல் சோடா எல்லாம் இதே கணக்கில்தான் வரும். கிளையில் அந்துருண்டை கட்டித் தொங்கவிடச் சொல்பவர்களும் உண்டு, அது கிளைக்கு அலங்காரம், அவ்வளவுதான். தாமிர மருந்தைக்கூட இப்போது அடிக்கக் கூடாது. பலனில்லை என்பது ஒரு பக்கம், பச்சை இலையில் தாமிரம் பட்டால் பீச் இலை கருகிவிடும், மரம் இருக்கிற நாலு நல்ல இலையையும் இழக்கும்.

சரி, இப்போது என்னதான் செய்வது? மரத்தைத் தெம்பாக வைத்திருங்கள். வெயில் ஏறி 26, 30 டிகிரியைத் தாண்டினால் பூஞ்சை அடங்கிவிடும், முதிர்ந்த இலையை அது தொடாது. மே, ஜூனில் மரம் இரண்டாவது தடவை துளிர்க்கும், அந்த இலை பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஒரே வருடத்தில் இரண்டு தடவை துளிர்ப்பது மரத்துக்குப் பெரிய செலவு. அதனால் வேர் காயாமல் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள், அடியில் மூடாக்குப் போடுங்கள். காய்களைக் கலைத்துவிடுங்கள், இதுதான் யாருக்கும் மனசு வராத வேலை. சாதாரண வருடத்திலேயே ஒரு காய்க்கும் இன்னொரு காய்க்கும் 15 சென்டிமீட்டராவது இடைவெளி விட வேண்டும், இந்த வருடம் இன்னும் தாராளமாகப் பறித்துப் போடுங்கள். மிஞ்சும் பழத்தைத் தயங்காமல் சாப்பிடலாம். எப்போதாவது பழத்தின் தோலிலும் சிவப்பாக மரு மாதிரி மேடு வரும், அந்த இடத்தைச் சீவி எறிந்தால் போதும். இலை முக்கால்வாசி கொட்டிக் கிளைகள் வெறுமையாக நின்றால் மேல் கிளைகளின் பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும், அதற்கு வீட்டுக்குள் அடிக்கும் வெள்ளை லேடக்ஸ் பெயின்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பூசிவிடுங்கள்.

சுருண்ட இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அழகுக்காக எடுக்கலாம், ஆனால் அடுத்த வருட நோய் அதனால் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, வித்துகள் மரத்தின் மேலெல்லாம் இருக்கின்றன. முழங்கை வீக்கம் மாதிரி தடித்துக் கோணிப்போன தளிர்க் கிளைகள் எப்படியும் காய்ந்துவிடும், அவற்றைக் கவாத்து செய்யும்போது எடுத்தால் போதும்.

இனி நவம்பர் வேலை. இலை எல்லாம் உதிர்ந்ததும், ஏறக்குறைய தேங்க்ஸ்கிவிங் சமயத்தில், முதலில் கவாத்து செய்யுங்கள், அப்புறம் மருந்து. இந்த வரிசை முக்கியம். வெட்டிப் போடும் கிளையோடு கொஞ்சம் வித்தும் போகும், அடிக்க வேண்டிய மருந்தும் குறையும். பீச் எப்படியும் போன வருடம் வளர்ந்த கிளையில்தான் காய்க்கும், அதனால் வருடா வருடம் கணிசமாக வெட்டத்தான் வேண்டும், மரத்தைக் கைக்கு எட்டும் உயரத்திலேயே வைத்துக்கொண்டால் தெளிப்பதும் பறிப்பதும் சுலபம். ஏணி வைத்து மருந்து அடிக்கும் அளவுக்கு வளரவிட்டால் உச்சியில் மருந்து சேராது, அங்கிருந்து வித்து கீழே வழியும்.

மருந்து என்றால் தாமிரம். லேபிளில் மெட்டாலிக் காப்பர் ஈக்விவலன்ட், அதாவது மருந்தில் உள்ள தாமிரத்தின் அளவு, என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும், முன்பக்கத்துப் படத்தை அல்ல. தாமிர சோப்பு வகைகளில் அது 2 சதவீதத்துக்கும் குறைவு, தாமிர அம்மோனியம் வகையில் 8 சதவீதம் வரை வரும். இரண்டில் ஒன்று என்றால் அதிகம் உள்ளதை வாங்குங்கள். லேபிள் அனுமதித்தால் கூடவே ஹார்ட்டிகல்ச்சுரல் ஆயில் என்ற மரத்துக்கு அடிக்கும் எண்ணெயை 1 சதவீதம், அதாவது காலனுக்கு இரண்டரை மேசைக்கரண்டி, சேர்த்தால் மருந்து பட்டையில் நன்றாகப் பிடிக்கும், குளிர்காலப் பூச்சி முட்டைகளும் கொஞ்சம் ஒழியும். கடையில் கந்தகப் பொடியைக் காட்டி இதுவும் பூஞ்சைக்குத்தான் என்பார்கள். சாம்பல் நோய்க்கு அது சரி, இலைச் சுருட்டைக்கு உதவாது.

அடுத்த 24 மணி நேரம் மழை இல்லாத, காற்றில்லாத நாளாகப் பார்த்து, கிளை, கணு, மொட்டு, தண்டின் பிளவு என்று எல்லாவற்றிலும் சொட்டச் சொட்ட அடிக்க வேண்டும். தாமிரம் மரத்துக்குள் போய் வேலை செய்யாது, பட்ட இடத்தில் மட்டும்தான். ஒரு பக்கம் நின்று அடித்துவிட்டு வந்தால் மறுபக்கம் நோய் நிற்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், தாமிரம் கண்ணில் பட்டால் நல்லதல்ல. மிச்சத்தை வாசல் பக்கத்து மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள், அது நேராக ஓடைக்கும் அங்கிருந்து வளைகுடாவுக்கும் போகிறது, மீன்களுக்குத் தாமிரம் விஷம். மண்ணிலும் அது சிதையாமல் சேர்ந்துகொண்டே போகும், அதனால் தேவைக்கு மேல் ஒரு தடவைகூட அடிக்க வேண்டாம்.

எத்தனை தடவை? இங்கே பழைய ஆட்கள் தேங்க்ஸ்கிவிங், புத்தாண்டு, காதலர் தினம் என்று மூன்று நாள் சொல்வார்கள். ஞாபகம் வைத்துக்கொள்ள நல்ல கணக்குதான், ஆனால் சாதாரண வருடத்துக்கு நவம்பர் கடைசியில் ஒன்று போதும். மழை அதிகமாக இருந்தால் இரண்டாவதாக ஒன்று, பூமொட்டு உப்ப ஆரம்பித்து, பச்சை நுனி வெளியே தெரிவதற்கு முன்னால். நான் பொங்கல் முடிந்த வாரத்திலிருந்தே மொட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன், ஏனென்றால் ஜனவரியில் வெயில் அடித்துவிட்டால் மரம் முந்திக்கொள்ளும். பச்சை தெரிந்துவிட்டால் அந்த வருடத்துக் கதை முடிந்தது. நவம்பர் தெளிப்பு ஷாட் ஹோல் நோயையும் சேர்த்துத் தடுக்கும், அதனால் ஒரே ஒரு தடவைதான் முடியும் என்றால் அதை விட வேண்டாம்.

இலை இல்லாத காலத்தில் அடித்தால் கேட்கும் என்பது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் நியூட்டன் பியர்ஸ் இதே கலிஃபோர்னியாவில் சோதித்துப் பார்த்து 1900இலேயே விரிவாக எழுதி வைத்துவிட்டார். அப்போது பயன்பட்ட மருந்துகளில் ஒன்று போர்டோ கலவை. அந்தக் கலவையின் கதை வேடிக்கையானது. பிரான்சில் மெடாக் பகுதித் தோட்டக்காரர்கள், சாலையோரத் திராட்சையை வருகிறவன் போகிறவன் பறிக்காமல் இருக்க மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்தார்களாம், அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைப் பார்த்த மில்லார்டே என்ற பேராசிரியர் ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார்.

நீலகிரி, கொடைக்கானல் பக்கம் பீச் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு இந்தக் கலவைதான் மலிவு. 10 லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் பாதிப் பாதித் தண்ணீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. இரும்புப் பாத்திரம் ஆகாது. பளபளப்பான இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துப் பாருங்கள், செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். வடிகட்டி அன்றைக்கே அடித்துவிடுங்கள். அங்கே மாதக் கணக்கு வேறாக இருக்கும், காலண்டரைப் பார்க்காமல் மொட்டைப் பாருங்கள்.

மருந்தே பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, மொட்டு நனையாமல் பார்த்துக்கொள்வது. நனையாவிட்டால் தொற்று இல்லை. இங்கிலாந்தில் சுவரோடு சேர்த்துப் படரவிட்ட பீச் மரங்களுக்குக் குளிர்காலம் தொடங்கி மே நடு வரை மேலே பாலித்தீன் கூரை போடுகிறார்கள், பக்கவாட்டைத் தேனீ வருவதற்காகத் திறந்து விடுகிறார்கள். பெரிய மரத்துக்கு முடியாத காரியம். தொட்டியில் குட்டை ரகம் வைத்திருந்தால் மழைக்காலத்தில் தாழ்வாரத்துக்குள் தள்ளிவிடலாம்.

கறிவேப்பிலை, எலுமிச்சை பற்றிக் கவலையே வேண்டாம், இந்தப் பூஞ்சை அவற்றைத் தொடாது. மாதுளை, ஆப்பிளுக்கும் வராது. கறிவேப்பிலை சுருண்டால் அது பூச்சி வேலை.

நெக்டரின் மட்டும் வைக்காதீர்கள். நெக்டரினும் பீச்சும் ஒரே இனம், தோலில் சுணை இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம், இதே நோய் அதற்கும் அப்படியே வரும். புது மரம்தான் வேண்டும் என்றால் ஃப்ராஸ்ட், மியூர், இண்டியன் ஃப்ரீ போன்ற எதிர்ப்பு உள்ள பீச் ரகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஃப்ராஸ்டுக்கும் முதல் இரண்டு மூன்று வருடம் தெளிப்பு தேவைப்படும். இண்டியன் ஃப்ரீ காய்க்கப் பக்கத்தில் இன்னொரு பீச் இருக்க வேண்டும், அதற்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மரமே போதும், அதையும் வெட்டாமல் வைத்திருக்க இன்னொரு காரணம் ஆயிற்று. பழம் எப்படி இருக்கிறது என்று ஒரு பருவம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.