வரிக் குறைப்பு தன் செலவைத் தானே ஈடுகட்டுமா?

கேள்வி: அமெரிக்காவில் வரியைக் குறைத்தால் தொழில் பெருகி, அரசு இழந்த வருவாய் தானாகத் திரும்பி வந்துவிடும். அங்குள்ள அரசு மதிப்பீட்டாளர்கள் இந்த வளர்ச்சியைக் கணக்கில் சேர்க்காமல் பயமுறுத்துகிறார்கள் என்பது என் கருத்து. சரிதானே?

பதில்: சரியில்லை. வளர்ச்சியையும் சேர்த்துத்தான் கணக்கிட்டார்கள். நீங்கள் எதிர்பார்த்த விடை வரவில்லை, அவ்வளவுதான்.

2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச் சட்டம் நிறுவனங்களுக்கான வரியை 35 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாகக் குறைத்தது. தனிநபர் வரியையும் குறைத்த அந்தச் சட்டம் முழுவதாலும் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1.46 லட்சம் கோடி டாலர் இழப்பு நேரும் என்று நாடாளுமன்றத்தின் வரிவிதிப்புக் கூட்டுக்குழு முதலில் மதிப்பிட்டது. பிறகு, முதலீடும் உழைப்பும் கூடி நாட்டின் உற்பத்தி சராசரியாக 0.7 விழுக்காடு உயரும் என்று ஒப்புக்கொண்டு, பெருகும் கடனுக்கான வட்டியையும் சேர்த்து மறுபடி கணக்கிட்டபோது, இழப்பு 1.07 லட்சம் கோடியாகக் குறைந்ததே தவிர மறைந்துவிடவில்லை. கால் பங்குக்குச் சற்று மேல் திரும்பும், மீதி கடனாக நிற்கும் என்பதே இதன் பொருள். சட்டம் தன் செலவைத் தானே ஈடுகட்டும் என்று அன்றைய நிதியமைச்சர் ஸ்டீவன் மனுசின் சொன்னதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. வரி குறைவதால் புதிய இயந்திரங்கள் வாங்கும் ஆர்வம் கூடுவது உண்மை. அதே சமயம், அரசு கூடுதலாகக் கடன் வாங்குவதால் வட்டி உயர்ந்து, அந்த முதலீட்டில் ஒரு பகுதி அடிபடுவதும் உண்மை.

நிறுவன வரி வசூல் 2017 நிதியாண்டில் 29,700 கோடி டாலராக இருந்து, மறு ஆண்டே 20,500 கோடியாகச் சரிந்தது. 2022இல் அது 42,500 கோடியைத் தொட்டதைச் சிலர் வெற்றியாகக் காட்டுகிறார்கள். இடையில் பெருந்தொற்றுக் கால அரசுச் செலவும் விலைவாசியும் நிறுவன லாபத்தைத் தூக்கிவிட்டதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கணக்கில் கைவைப்பதைப் பார்க்க விரும்பினால் 2025ஐப் பாருங்கள். 2017 சட்டம் தந்து, ஆண்டு இறுதியில் காலாவதியாகவிருந்த தனிநபர் வரிச் சலுகைகள் தொடர்வதே இயல்பு நிலை என்று வைத்துக்கொண்டு, அவற்றை நீட்டிக்க ஆகும் செலவு சுழியம் என்று நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் எழுதிக்கொண்டது. வழக்கமான முறையில் கணக்கிட்ட நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகமோ, ஏழைகளின் மருத்துவ உதவியில் செய்த வெட்டுகளைக் கழித்த பிறகும், அவற்றை நீட்டித்து ஜூலையில் நிறைவேறிய சட்டத்தால் பத்தாண்டுகளில் பற்றாக்குறை 3.4 லட்சம் கோடி டாலர் கூடும் என்றது. மதிப்பீட்டாளர்கள்மீது சந்தேகப்படும் உங்களுக்கு, செனட் எழுதிய அந்தச் சுழியத்தின்மீது சந்தேகம் வராதது ஏன்?