புதிதாகக் கட்டிய வால்வு கிடார் ஆம்ப் ஆன் செய்ததும் கத்துகிறது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போச்சா? (இரண்டு 6வி6 வால்வுகள் மாறி மாறி வேலை செய்யும் புஷ்-புல் அமைப்பு, 8 ஓம் ஸ்பீக்கர்)

அநேகமாகப் போகவில்லை. ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து வால்வுகளின் பிளேட்டுக்கு (வால்வின் அவுட்புட் முனை) போகும் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கும். ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து ஆம்பின் முந்தைய கட்டத்துக்குத் திரும்பும் சிக்னலான நெகட்டிவ் ஃபீட்பேக், அதனால் சத்தத்தைக் குறைப்பதற்குப் பதிலாக ஏற்றிவிடுகிறது. அதுதான் இந்த ஊளை. ஃபீட்பேக் வயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். அடங்கினால் நோய் அதுவே. பிளேட் வயர்களை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பாருங்கள். ஆஃப் செய்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

ட்ரான்ஸ்ஃபார்மர் வயர்களில், அமெரிக்க வழக்கில் சிவப்பு நடுமுனை (வால்வு பக்கச் சுருளின் நடுவிலிருந்து வருவது). ஹை வோல்ட்டேஜ் அங்கேதான். நீலமும் பழுப்பும் பிளேட்டுக்கு. உள்ளூரில் சுற்றியதென்றால் நிறத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள். நடுமுனையிலிருந்து ஒரு பக்கம் 120, மறுபக்கம் 140 ஓம் காட்டினால் பதறவேண்டாம். சுருளின் ஒரு பாதி உள்ளே, மறுபாதி அதற்கு வெளியே சுற்றியிருந்தால், வெளியே உள்ளதற்குக் கம்பி நீளம் அதிகம்.

8 ஓம் முனையில் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் வால்வுக்கு 8,000 ஓமாகத் தெரியவேண்டிய சுமை 4,000 ஆகத் தெரியும். ஸ்பீக்கரே இல்லாமல் வாசிப்பது அதைவிட மோசம், அப்போது ட்ரான்ஸ்ஃபார்மர் நிஜமாகவே போய்விடும்.