கேட்காத விளம்பர எஸ்எம்எஸ் ஏன் வந்துகொண்டே இருக்கிறது? எப்படி நிறுத்துவது?

நாம் கேட்காமலே மொத்தமாக அனுப்பப்படும் செய்திதான் ஸ்பேம். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வருவதெல்லாம் இதுதான். அனுப்பும் செலவு சொற்பம்; லட்சம் பேரில் சிலர் வாங்கினாலே போட்ட காசு வந்துவிடும். பேப்பருக்குள் செருகி வரும் நோட்டீஸ் மாதிரிதான், வீடு பார்த்துச் செருகுவதில்லை.

இந்தியாவில் 1909-ஐ அழைத்து டிஎன்டி, அதாவது ‘விளம்பரம் அனுப்பித் தொந்தரவு செய்யாதே’ என்று பதிவு செய்யலாம். வங்கி, மனை, கல்வி என்று வகைவாரியாகவும் தடுக்கலாம். அப்புறமும் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பரம் வந்தால், எரிச்சலில் அழித்துவிடாதீர்கள். அதே 1909-க்குப் புகார் கொடுங்கள். அனுப்பியவரின் இணைப்பையே துண்டிக்க விதியில் இடமிருக்கிறது. புகார் வந்தால் அவரைப் பிடிப்பது எளிது.

டிஎன்டி போட்டால் ஓடிபி வராது என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு, வங்கியின் ஓடிபியும் கணக்குத் தகவலும் வழக்கம்போல வரும்.