டெக்சாஸில் முடிந்த கல்யாணம் தஞ்சாவூரில் முடிந்ததா?

வெளிநாட்டு விவாகரத்து பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "அந்தத் தீர்ப்பு இங்கே செல்லுமா?" என்றுதான் கேட்கின்றன. அந்தத் தீர்ப்பைக் கையில் வாங்கியதும் நான் முதலில் தேடுவது மறுதரப்பின் கையெழுத்தை. நாடும் முத்திரையும் அப்புறம்தான்.

முதல் கடிதம்: 2016-ல் கோயிலில் கல்யாணம். கணவருக்கு டெக்சாஸில் வேலை. எனக்கு விசா கிடைக்கவில்லை, ஊரிலேயே இருந்துவிட்டேன். போன வருடம் அங்கிருந்து ஒரு சம்மன் வந்தது. பயந்துபோய் பீரோவில் வைத்துவிட்டேன். இப்போது விவாகரத்து ஆகிவிட்டதாகத் தீர்ப்பு நகலை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார். நான் அவர் மனைவியா, இல்லையா? – வாசகி, தஞ்சாவூர்

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், இந்தியச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் அவர் மனைவிதான்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-வது பிரிவு, வெளிநாட்டுத் தீர்ப்பை இங்கே ஏற்க முடியாத ஆறு சூழ்நிலைகளைச் சொல்கிறது. அதிகார வரம்பில்லாத நீதிமன்றம், மோசடி, மறுதரப்புக்கு நியாயமான வாய்ப்பு தராதது ஆகியவை அவற்றில் சில. திருமண வழக்குகளில் இதை எப்படிப் படிப்பது என்று 1991-ல் நரசிம்ம ராவ் – வெங்கட லட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. திருப்பதியில் 1975-ல் நடந்த கல்யாணம் அது. கணவர் முதலில் திருப்பதியிலேயே விவாகரத்து கேட்டார். பிறகு அமெரிக்காவின் மிசௌரி மாகாணத்தில் 90 நாள் குடியிருந்ததாகச் சொல்லி, அங்கே தீர்ப்பு வாங்கிவந்தார். அது இங்கே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ, அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமும் அது ஏற்கும் காரணமும் இருக்க வேண்டும். விதிவிலக்கு மூன்றுதான்: மறுதரப்பு அந்த நாட்டிலேயே நிரந்தரமாக வசித்து, விவாகரத்துக்கான காரணமும் நம் சட்டத்தில் இருப்பது, மறுதரப்பு தானாகவே அங்கே ஆஜராகி, நம் சட்டத்தில் உள்ள காரணத்தின்மீது வழக்காடியது, அல்லது விவாகரத்துக்குச் சம்மதித்தது.

உங்கள் விஷயத்தில் மூன்றும் இல்லை. தவிர, டெக்சாஸில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் "ஒத்துப்போகவில்லை, இனி சேர்ந்து வாழ முடியாது" என்பது. இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு காரணமே கிடையாது. மீட்க முடியாமல் முறிந்த திருமணத்தை உச்ச நீதிமன்றம் மட்டும், அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவின் கீழ், கலைக்க முடியும் என்று 2023-ல் தீர்ப்பு வந்தது. வேறு எந்த நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் இல்லை.

ஆனால் டெக்சாஸில் அந்தத் தீர்ப்புக்கு உயிர் உண்டு. அங்கே அவர் தனியாள், இங்கே உங்கள் கணவர். இந்தக் கூத்து வருடக்கணக்கில் இழுக்கும். அவர் இந்தியாவுக்கு வந்து இன்னொரு கல்யாணம் செய்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவின் கீழ் ஏழு ஆண்டுவரை சிறை கிடைக்கும் குற்றம். அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஜீவனாம்சமோ, அந்தத் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தாது என்ற பிரகடனமோ, வேண்டுமென்றால் நீங்களே விவாகரத்தோ கேட்கலாம். 2003-ல் வந்த திருத்தத்தின்படி, விவாகரத்து மனுவை மனைவி தான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். தஞ்சாவூரே போதும்.

சம்மனைப் பீரோவில் வைத்தது இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. அதற்காக மற்ற வாசகிகளுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே உள்ள வீடு, சேமிப்பு பற்றியும் அந்த நீதிமன்றம் முடிவெடுத்துவிடலாம். "உங்கள் அதிகார வரம்பை ஏற்கவில்லை" என்று ஆட்சேபத்தோடு ஒரு பதில் எழுதுங்கள். 1991 வழக்கில் மனைவி செய்தது அதைத்தான். அப்படி எழுதியதை, அங்கே போய் வழக்காடியதாக உச்ச நீதிமன்றம் கருதவில்லை.

இருவரும் லண்டனில் இருக்கிறோம். சண்டையில்லாமல் பிரிய முடிவு செய்துவிட்டோம். சென்னையில் ஒருமுறை, இங்கே ஒருமுறை என்று இரண்டு வழக்கு போட வேண்டுமா? – வாசகர், லண்டன்

வேண்டாம். 2022 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் கணவனும் மனைவியும் கூட்டாக விண்ணப்பிக்கலாம். அப்படியே செய்யுங்கள். ஒருவர் மட்டும் போட்டு மற்றவர் மௌனமாக இருந்தால், நாளைக்கு "நான் சம்மதிக்கவில்லை" என்று சொல்ல இடம் கிடைக்கும். முதலில் வரும் நிபந்தனை ஆணையோடு நிறுத்திவிடாமல் இறுதி ஆணை வரும்வரை காத்திருங்கள். அதன் சான்றிட்ட நகலுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகளுக்குக் காட்டும் அரசுச் சான்று) வாங்கிவையுங்கள். மேலே சொன்ன திருப்பதி வழக்கில், வெறும் ஜெராக்ஸ் நகல் போதாது என்றும் நீதிமன்றம் சொன்னது.

வெளிநாட்டு விவாகரத்தை இங்கே "பதிவு" செய்ய வேண்டும் என்று சிலர் கட்டணம் கேட்கிறார்கள். அப்படிப் பதிவு செய்யும் அலுவலகமே இந்தியாவில் கிடையாது.

மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் கனடாவில் விவாகரத்து ஆனவராம். தீர்ப்பைக் காட்டுகிறார்கள். எதைப் பார்ப்பது? – ஒரு தாய், மதுரை

கேட்டீர்களே, அதுவே பாதி நிம்மதி. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து கேட்பவர்கள்தான் அதிகம்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு தீர்ப்பு என் மேஜைக்கு வந்தது. தங்க நிறச் சீல், நீல ரிப்பன், பார்க்கப் பட்டுப் புடவை மாதிரி இருந்தது. மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரே வரி: எதிர்மனுதாரர் ஆஜராகவில்லை. அந்தப் பெண் அப்போது சேலத்தில் பெற்றோர் வீட்டில் இருந்திருக்கிறார். அந்தத் தீர்ப்பை நம்பி இங்கே கல்யாணம் செய்தால், புதுப்பெண் சட்டப்படி மனைவியே ஆகமாட்டார்.

ஆகவே முதல் மனைவி எங்கே வசித்தார், அவர் பக்கம் வழக்கறிஞர் இருந்தாரா, சம்மதக் கையெழுத்து இருக்கிறதா, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததா என்று பாருங்கள். முதல் கல்யாணம் எங்கே, எந்தச் சட்டப்படி நடந்தது என்பதையும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால், பையனும் முதல் மனைவியும் சேர்ந்து இங்கேயே இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து வாங்கிவிடட்டும். அதற்கான ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம், வீடியோ வழியாகவும் ஆஜராகலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல பையன் என்றால் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

துபாயிலிருந்து கணவர் வாட்ஸ்அப்பில் மூன்று முறை தலாக் என்று அனுப்பிவிட்டார். – வாசகி, கீழக்கரை

செல்லாது. உடனடி முத்தலாக்கை 2019-ம் ஆண்டுச் சட்டம் செல்லாததாக்கியதோடு, மூன்று ஆண்டுவரை சிறை உள்ள குற்றமாகவும் ஆக்கியது. எழுத்து, பேச்சு, மின்னணு வடிவம் எல்லாமே அதில் அடங்கும். அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். தேதியும் எண்ணும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், போனையும் மாற்றாதீர்கள்.

விவாகரத்தோடு பணமும் தரச் சொல்லி அமெரிக்கத் தீர்ப்பு. முன்னாள் கணவர் இப்போது கோவையில். வசூலிக்க முடியுமா? – வாசகி, நியூ ஜெர்சி

நேரடியாக நிறைவேற்று மனு போட முடியாது. எந்த நாடுகளின் தீர்ப்புகளை இங்கே நேரடியாக நிறைவேற்றலாம் என்று சொல்லும் அறிவிக்கையில் பிரிட்டன், சிங்கப்பூர், 2020 முதல் ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளை இந்தியா சேர்த்திருக்கிறது. அமெரிக்கா அதில் இல்லை. அந்தத் தீர்ப்பை அடிப்படையாக வைத்து இங்கே புதிதாக வழக்குத் தொடர வேண்டும். அதற்குக் காலவரம்பு தீர்ப்புத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு. உங்கள் கடிதத்தில் தீர்ப்புத் தேதி இல்லை; முதலில் அதைப் பாருங்கள்.