ஏழரைக்குச் சற்றே குறைந்த இடைவெளி: பன்முகிகள் பற்றிய கேள்வி பதில்

பதில் எழுதுமுன் ஒரு வேண்டுகோள். அட்டையை வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள், விளிம்பின் நீளம் எவ்வளவு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். பசை உலர்ந்ததும் கணக்கும் சரியாகிவிட்டதாக எண்ணுவது, கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில் நான் ஓயாமல் திருத்திய பிழை.

தென்காசி, கல்லூரி மாணவி: ஒழுங்குப் பன்முகிகள் ஐந்துதான் என்கிறார்களே, ஆறாவது ஒன்று இன்னும் கண்ணில் படாமல் இருக்கலாம் அல்லவா?

இருக்க முடியாது. பக்கங்களும் கோணங்களும் சமமான ஒரே வகைத் தட்டை முகங்கள், எல்லா முனைகளிலும் ஒரே எண்ணிக்கையில் கூடி மூடும் திண்ம வடிவமே ஒழுங்குப் பன்முகி. ஒரு முனையில் குறைந்தது மூன்று முகங்கள் கூட வேண்டும். அங்கே சேரும் கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகைக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும், ஏனெனில் 360 ஆகிவிட்டால் அட்டை மேசைமேல் தட்டையாகப் படுத்துவிடும், மடித்து எழுப்ப வழியிராது. சமபக்க முக்கோணங்களை மூன்று, நான்கு, ஐந்து எனச் சேர்க்கலாம். அவை முறையே நான்முகி, எண்முகி, இருபதுமுகி. சதுரங்கள் மூன்று சேர்ந்தால் கனசதுரம். ஐங்கோணங்கள் மூன்று சேர்ந்தால் பன்னிருமுகி. அறுகோணமோ மூன்று சேர்ந்தாலே 360 ஆகிவிடுகிறது. பண்டைக் கிரேக்கக் கணிதர் யூக்ளிடு தம் வடிவியல் நூலின் 13ஆம் பகுதியை இந்த முடிவோடுதான் நிறைவு செய்கிறார்.

பாளையங்கோட்டை, பழக்கடைக்காரர்: சாத்துக்குடியை அடுக்கும்போது கீழ் வரிசைப் பள்ளத்தில் மேல் வரிசைப் பழத்தை உட்கார வைக்கிறோம். இதைவிட நெருக்கமாக அடுக்க முடியுமா?

முடியாது, அண்ணாச்சி. பழங்கள் எல்லாம் ஒரே அளவு உருண்டைகள் என்று கொண்டால், உங்கள் அடுக்கில் பழம் நிரப்பும் இடம் 74.05 விழுக்காடு. இதை மிஞ்ச இயலாது என்று வானியலாளர் கெப்ளர் 1611இல் ஊகித்தார். கணிதர் தாமஸ் ஹேல்ஸ் 1998இல் நிரூபணத்தை அறிவித்தார். அதைக் கணினியைக் கொண்டு ஐயமறச் சரிபார்த்து முடிக்க 2014 ஆயிற்று.

அம்பாசமுத்திரம், தச்சுப்பட்டறை வைத்திருப்பவர்: நான்முகிகளால் இடத்தை இடைவெளியின்றி நிரப்பலாம் என்று அரிஸ்டாட்டில் சொன்னதாகப் படித்தேன். அட்டையில் 10 செ.மீ. விளிம்புள்ள ஐந்து நான்முகிகள் செய்து, ஒரே விளிம்பைச் சுற்றி ஒட்டினேன். கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

நீளத்தை எழுதியதற்கு நன்றி. அரிஸ்டாட்டில் அப்படிச் சொன்னார் என்பது உண்மை. சொன்னது தவறு என்பதும் உண்மை. உங்கள் நான்முகியின் ஒரு விளிம்பின் நடுப்புள்ளியிலிருந்து எதிரேயுள்ள இரண்டு முனைகளையும் அளந்து பாருங்கள். ஒவ்வொன்றும் 8.66 செ.மீ. தொலைவில் இருக்கும், அவற்றுக்கிடையே 10 செ.மீ. இந்த இருசமபக்க முக்கோணத்தின் உச்சிக்கோணமே இரண்டு முகங்களுக்கு இடைப்பட்ட கோணம், அதாவது 70.53 பாகை. ஐந்து சேர்ந்தால் 352.64 தான் வரும். மீதி 7.36 பாகை திறந்தே கிடக்கும். வெளிவிளிம்பில் அது ஏறத்தாழ 11 மி.மீ. அகலம்.

வள்ளியூர்: ஒழுங்குப் பன்முகிகள் ஏன் ஐந்து மட்டும்?

தென்காசிக்கு எழுதியதைப் படியுங்கள்.

அதே அம்பாசமுத்திரத்தார்: மறுபடியும் நிதானமாகச் செய்தேன். ஐயா சொல்லும் 11 மி.மீ. எங்குமே இல்லை.

இருக்கிறது, ஐந்தாகப் பங்கு போட்டு ஒளித்துவைத்திருக்கிறீர்கள். ஐந்தும் மூட வேண்டுமானால் ஒவ்வொன்றும் 72 பாகை ஆக வேண்டும். அதற்கு வெளிவிளிம்பு 10 செ.மீ.க்குப் பதில் 10.18 செ.மீ. நீண்டால் போதும். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த நீட்சியை, ஒட்டுமடிப்பின் தளர்வும் அட்டையின் வளைவும் வெளியே தெரியாமல் விழுங்கிவிடும். தொழில் உங்கள் கையில் இருக்கும்போது அட்டை எதற்கு? கட்டையில் அறுத்துப் பாருங்கள்; மரம் இவ்வளவு தாராளமாக விட்டுக்கொடுக்காது.

பேட்டை: வீட்டில் பிரமிடு வடிவம் வைத்தால் நல்ல சக்தி வருமாமே?

வடிவியலில் இதற்குப் பதில் இல்லை.

நாங்குநேரி: ஐந்துதானா? நட்சத்திரம் போல முனைகள் துருத்திய வடிவங்களைப் பார்த்திருக்கிறேனே?

மூன்றாம் முறையாக இதே கேள்வி என்று சலித்துக்கொள்ள இருந்தேன். ஆனால் இது நல்ல கேள்வி, என் முதல் பதிலில் இருந்த ஓட்டையையும் காட்டுகிறது. உட்குழிவில்லாத வடிவங்களுக்குத்தான் ஐந்து. முகங்கள் ஒன்றையொன்று ஊடுருவலாம் என்று விட்டால் நட்சத்திர வடிவங்கள் நான்கு சேரும். அவற்றில் இரண்டைக் கெப்ளரும் மற்ற இரண்டைப் பிரெஞ்சுக் கணிதர் புவான்சோவும் விளக்கினார்கள்.

அதே அம்பாசமுத்திரத்தார்: வேப்பங்கட்டையில் செய்தேன். இடைவெளி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நான்முகிக்கு இடத்தை நிரப்பும் வழியே இல்லையா?

தனியாக இல்லை. நான்முகிகளை மட்டும் அடுக்கி 85.63 விழுக்காடு வரை நிரப்பும் ஓர் அமைப்பை 2010இல் கண்டார்கள். எண்முகியைத் துணைக்குச் சேர்த்தால் முழுமையாக நிரம்பும்: எண்முகியின் முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் 109.47, நான்முகியின் 70.53உடன் கூட்டினால் சரியாக 180. ஒரு விளிம்பைச் சுற்றி இரண்டிரண்டாக மாற்றி மாற்றி வையுங்கள்.

ஆனால் அந்த 7.36 பாகையைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். மூன்று சதுரங்களை மேசைமேல் ஒரு முனையைச் சுற்றி வைத்தால் 90 பாகை மிஞ்சுகிறது. அதை மூட, அட்டையை மேசையைவிட்டு மேலே தூக்கியாக வேண்டும், தூக்கினால் கனசதுரத்தின் மூலை பிறக்கிறது. உங்கள் ஐந்து கட்டைகளின் இடைவெளியையும், எதையும் நீட்டாமல் மூட வேண்டுமானால், நான்காவதாக ஒரு திசையில் மடிக்க வேண்டும். (அது காலமா என்று யாரும் கேட்க வேண்டாம், காலத்தைச் சேர்ப்பது இயற்பியலார் வேலை, இங்கே நான்கும் நீளத் திசைகளே.) ஒவ்வொரு விளிம்பிலும் ஐந்தைந்தாக இப்படி மடித்துக்கொண்டே போனால், 600 நான்முகிகளும் 120 முனைகளும் கொண்ட ஓர் உருவமாக அது தானே மூடிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டில் சுவிஸ் கணிதர் லுட்விக் ஷ்லாஃப்லி கண்ட நாற்பரிமாண ஒழுங்கு உருவங்கள் ஆறில் அதுவும் ஒன்று. மும்மூன்றாக மடித்தால் 5 நான்முகிகளில் மூடும், நான்கு நான்காக மடித்தால் 16இல். ஆறு சேர்த்தால் 360ஐத் தாண்டிவிடும். முயல வேண்டாம், கட்டைதான் வீணாகும்.